சங்கிலித் தொட்டியா, தாழ்ந்த தொட்டியா? குன்னூர்ப் பழைய வீட்டுக் குளியலறைக்கு ஓர் ஒப்பீடு

நீலகிரியில் பழைய பங்களாவைப் புதுப்பிக்கத் தொடங்கும் பலர், குளியலறைக்கு வந்ததும், தலைக்கு மேலே தொட்டியும் பக்கத்தில் தொங்கும் சங்கிலியும் கொண்ட கழிவறை வேண்டும் என்கிறார்கள். குன்னூரில் எங்கள் வீட்டு வேலையிலும் இதே ஆசைதான் முதலில் எழுந்தது. பழைய வீட்டுக்குப் பழைய சாமான் என்ற நியாயம் கேட்க நன்றாக இருக்கிறது; ஆனால் இவ்வகை வீடுகள் பலவற்றில் குளியலறைக்கு வெளியிலிருந்து வரும் சிறு கதவு, மனிதரை மனிதர் கழிவு அள்ள வைத்த காலத்தின் எச்சம். தொட்டியும் குழாயும் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தவையே. ஆகவே ‘அசல் தோற்றம்’ என்ற பேச்சை ஒதுக்கி, கூரை, தண்ணீர், சுவர் ஆகிய மூன்றைக் கொண்டு முடிவெடுப்பதே முறை.

எங்கள் முன் இருந்த வழிகள் நான்கு: பழைய வார்ப்பிரும்புத் தொட்டியைச் செப்பனிட்டு மாட்டுவது, பழைய பாணியில் புதிதாகச் செய்த உயரத் தொட்டி, கழிவறைக் கோப்பைக்குச் சற்று மேலே சுவரில் நிற்கும் தாழ்ந்த தொட்டி, கோப்பையோடு ஒட்டிய இன்றைய தொட்டி. சுவருக்குள் மறைக்கும் தொட்டியைக் கருங்கல் சுவரில் பதிக்க எந்தக் கொத்தனாரும் மகிழ்ச்சியோடு முன்வரமாட்டார் என்பதால் அதைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டோம்.

முதலில் கூரை. உயரத் தொட்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 6 அடியில் அமைய வேண்டும்; தொட்டியின் உயரம் ஓரடிக்கு மேல்; மூடியைத் திறந்து மிதவையைச் சரிசெய்ய அதற்கு மேலும் முக்கால் அடியாவது வேண்டும். ஆக 8 அடி தேவை. மலை வீடுகளில் குளியலறை பெரும்பாலும் வீட்டின் பின்புறச் சாய்ப்பில் இருக்கிறது. கழிவுக்குழாய் வெளியேற வசதியான பின்சுவரோ, கூரை இறங்கி முடியும் இடம். எங்கள் பின்சுவர் 7 அடிதான். உயரத் தொட்டி வேண்டுமென்றால் கோப்பையைப் பக்கச் சுவருக்கு மாற்றியாக வேண்டும் என்பது அளவுநாடாவைப் பிடித்த பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

அடுத்து, நீரின் விசை. உயரத் தொட்டியின் நீர்மட்டம் கோப்பை விளிம்பிலிருந்து சுமார் 5 அடி மேலே நிற்கிறது. தாழ்ந்த தொட்டியில் அது ஒன்றேகால் அடி அளவே. அழுத்தம் நான்கு மடங்கு என்றால், உராய்வைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், வேகம் இரு மடங்கு. அதனால்தான் உயரத் தொட்டிக்கு 32 மி.மீ. குழாய் போதுமாகிறது, தாழ்ந்ததற்கு 38 மி.மீ. தேவைப்படுகிறது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: அவ்வளவு உயரத்தில், தொட்டிக்குள் நீரை விடும் மிதவை வால்வுக்கு நீர் ஏற, வீட்டின் சின்டெக்ஸ் அதைவிட மேலே இருக்க வேண்டும். சமவெளியில் இதற்குக் கோபுரம் கட்ட வேண்டியிருக்கலாம். இங்கே வீட்டின் பின்னுள்ள சரிவில் இரண்டு படி மேலே வைத்தாலே காரியம் முடிகிறது.

என் பார்வையில் முடிவைத் தீர்மானிப்பது கசிவுதான். ரேலியா அணையிலிருந்து வரும் தண்ணீர் குன்னூரில் தினமும் குழாயில் வருவதில்லை. வந்த நாளில் பிடித்து வைப்பதை வைத்தே அடுத்த முறை வரை நாட்களைத் தள்ள வேண்டும். இன்றைய தொட்டிகளின் அடியில் உள்ள ரப்பர் வாஷர் தேய்ந்தால், சத்தமே இல்லாமல் நீர் கோப்பைக்குள் வடிந்து, இரவோடு இரவாகச் சின்டெக்ஸ் காலியாகிவிடும். பழைய முறைத் தொட்டியில் வேலை செய்வது சைபன்: மணி வடிவ இரும்பு உயர்ந்து விழும்போது எழும் நீர், வளைவைத் தாண்டி, மீதி நீரையும் இழுத்துச் செல்கிறது. நீர்மட்டம் அந்த வளைவுக்குக் கீழே இருக்கும்வரை ஒரு சொட்டும் கோப்பைக்குள் இறங்காது. மிதவை கெட்டாலும் நீர் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியும்படி கொட்டும். இக்காரணத்தாலேயே பிரிட்டன் 2001 வரை, ரப்பர் வாஷரால் அடைக்கும் வால்வு வகைத் தொட்டிக்கு இடமளிக்கவில்லை. ‘விண்டேஜ்’ என்ற பெயரில் விற்கப்படும் புதுத் தொட்டிகளில் சிலவற்றின் உள்ளே அதே ரப்பர் வாஷர்தான் இருக்கிறது. மூடியைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

அப்படியானால் அசல் வார்ப்பிரும்பையே வாங்கிவிடலாமா? அதன் எடை, நீரோடு சேர்ந்து, 30 கிலோவை ஒட்டும். மண்சாந்தில் கட்டிய கல்சுவரில் விரியும் போல்ட்டு பிடிக்காது, சாந்தையே பிளக்கும். சுவரை ஊடுருவும் கம்பியும் மறுபக்கம் தகடும் வேண்டும். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. உட்புறத் துருவை அகற்றித் தார் வகைப் பூச்சு அடிக்க வேண்டும். அதோடு, அது ஒருமுறைக்கு விடும் 9 அல்லது 10 லிட்டர் நீர், மழைக்காலத்தில் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் சரிவிலுள்ள செப்டிக் டேங்கிற்கும் சுமை. 6 லிட்டராகக் குறைத்தாலோ, அக்காலத்துக் கோப்பை சரியாகக் கழுவாது. வெந்நீர்க் குளியலின் ஆவி குளிர்ந்த இரும்பில் பட்டு வியர்த்து, உட்கார்ந்திருப்பவர் தலையில் சொட்டும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பீங்கானிலும் இது நேரும், இரும்பில் கூடுதல்.

தாழ்ந்த தொட்டிக்குப் பெருமை குறைவுதான். ஆனால் வெளியே தெரியும் வளைந்த பித்தளைக் குழாயும் மரப்பலகை இருக்கையும் பழைய தோற்றத்தில் பெரும்பகுதியைத் தந்துவிடுகின்றன, கூரையோடு சண்டையும் இல்லை. ஒட்டிய தொட்டி மலிவானது, உதிரிபாகம் ஊரிலேயே கிடைக்கும், அழகைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

எங்கள் முடிவு இது: வீட்டின் இரு குளியலறைகளில், முன்னறைக் குளியலறையில் 10 அடிச் சுவர் இருப்பதால், அங்கே சைபன் உள்ள புதிய உயரத் தொட்டியும் அதற்கேற்ற 6 லிட்டர் கோப்பையும். பின்சாய்ப்பில் தாழ்ந்த தொட்டி. சங்கிலியின் பிடி தரையிலிருந்து மூன்றரை அடியில் தொங்க வேண்டும் என்று பிளம்பரிடம் சொல்லியிருக்கிறோம். அப்பத்தா உட்கார்ந்தபடியே எட்டிப் பிடிக்க அதுவே ஏற்ற உயரம்.