காருக்கு விரைவு, காலுக்குத் தாமதம்: ஒரு கார் காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பீட்டுச் சேவை

வேலூரில் கிளை வைத்திருக்கும் ஒரு தனியார் பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் என் அண்ணன் தம் காருக்கான பாலிசியைப் பல ஆண்டுகளாகப் புதுப்பித்து வந்தார். ஆம்பூரில் ஒரு திருமணத்துக்குப் போய்விட்டுக் காட்பாடிக்குத் திரும்பும்போது, மாதனூர் அருகே சர்வீஸ் சாலையிலிருந்து நெடுஞ்சாலைக்குள் ஏறிய சரக்கு வேன் ஒன்று காரின் இடப்பக்கத்தில் மோதியது. கார் நசுங்கியது, பின் இருக்கையில் இருந்த அண்ணிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அண்ணன் மருத்துவமனையையும் கடையையும் பார்த்துக்கொள்ள, காகித வேலை முழுவதும் என் பொறுப்பில் வந்தது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. கார், எலும்பு என்ற இரண்டையும் அந்தச் சேவை எப்படி வேறு வேறாக நடத்தியது என்பதே நான் சொல்ல வந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காரைப் பொறுத்தவரை அவர்கள் வேலையில் குறை காண்பது கடினம். இலவச எண்ணில் அழைத்தவுடன் தமிழிலேயே பேசினார்கள். கிளெய்ம் எண் உடனே குறுஞ்செய்தியாக வந்தது. சத்துவாச்சாரியில் இருந்த கேஷ்லெஸ் (நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும்) பணிமனைக்கு, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் மறுநாளே வந்தார். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை கிடைத்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். இந்தக் கெடுக்களுக்குள் எல்லாம் நடந்தது. சர்வேயர் பொறுமையானவர். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிக்கப்படும், கண்ணாடிக்குக் கழிவே இல்லை, உலோகப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்துக் கழிவு ஏறிக்கொண்டே போகும், நான்கு முதல் ஐந்து வயதான காருக்கு அது 35 சதவீதம் என்பதையெல்லாம் மதிப்பீட்டுத் தாளில் வரிக்கு வரி காட்டினார். நம் ஊரில் 'பம்பர் டு பம்பர்' என்று சொல்லும் கூடுதல் காப்பு இருந்திருந்தால் இந்தக் கழிவுகளில் பெரும்பகுதி வந்திருக்காது. 1500 சிசிக்கு உட்பட்ட கார் என்பதால் 1,000 ரூபாய் கட்டாயப் பிடித்தம். காரை இழுத்து வந்த கிரேனுக்கு வழக்கமான பாலிசி தருவது 1,500 ரூபாய்தான். மாதனூரிலிருந்து வேலூர் வரை இழுத்துவர அந்தப் பணத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

அண்ணியின் கால் என்று வந்தபோதுதான் அந்தச் சேவையின் மறுபக்கம் தெரிந்தது. பாலிசி விற்ற முகவர் ஒவ்வோர் ஆண்டும் 'ஃபுல் இன்சூரன்ஸ் சார், எல்லாம் கவர் ஆகும்' என்று சொல்லித்தான் பணம் வாங்கினார். பாலிசித் தாளிலும் 15 லட்ச ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பு என்று அச்சிட்டிருந்தது. அந்த 15 லட்சம் உரிமையாளரே ஓட்டுநராக இருக்கும்போது அவருக்கு மட்டும் உரியது. அவருக்கும் உயிரிழப்பு, கை கால் அல்லது கண் இழப்பு, நிரந்தர முழு ஊனம் ஆகியவற்றுக்கு மட்டுமே கிடைக்கும். எலும்பு முறிவுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் அதில் ஒரு பைசா கிடையாது. பயணிகளுக்கென்று கூடுதல் பணம் கட்டி எடுக்கும் விபத்துக் காப்பின் நிபந்தனையும் ஏறக்குறைய இதேதான். முழு பாலிசி எடுத்த தனியார் காரில் பயணம் செய்தவருக்கு அந்தக் காரின் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் பாலகிருஷ்ணன் வழக்கில் கூறியிருக்கிறது. ஆனால் அந்தப் பொறுப்பு நம் கார் ஓட்டியவர் மீது தவறு இருந்தால் எழுவது. இங்கே தவறு வேன் ஓட்டுநருடையது என்று முதல் தகவல் அறிக்கையே சொல்கிறது. ஆகவே அண்ணிக்கான இழப்பீட்டை வேனின் காப்பீட்டு நிறுவனத்திடம்தான் கேட்க முடியும்.

இது சட்டப்படி சரியான நிலை. அதற்காக அண்ணனின் நிறுவனத்தைக் குறை சொல்ல மாட்டேன். இதை எடுத்துச் சொல்லும் கடமை தமக்கு இருப்பதாகவே அவர்கள் நினைக்கவில்லை என்பதுதான் என் குறை. காயம் பற்றிக் கேட்ட ஒவ்வொரு முறையும் 'அது தேர்ட் பார்ட்டி சார், கோர்ட்ல பாத்துக்கங்க' என்ற ஒரே பதில் வந்தது. எந்த நீதிமன்றம், எதற்குள், எந்தக் காகிதத்தோடு என்று சொல்ல அந்தக் கிளையில் ஆள் இல்லை. மருத்துவமனை வாசலில் நின்று 'வக்கீல் நாங்களே பார்த்துக்கிறோம், கையெழுத்து மட்டும் போடுங்க' என்று சொல்லும் தரகர்களுக்கு வேலை கிடைப்பது இந்த மௌனத்தினால்தான்.

அவர்கள் சொல்லாததை நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். 108 வண்டியில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவந்த அன்றே, விபத்து என்று சொல்லி ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவு போடப்பட்டிருந்தது. காயத்தை விபத்தோடு இணைக்கும் முதல் ஆவணம் அதுதான். முதல் 48 மணி நேரச் சிகிச்சை, தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் போய்விட்டது. அதன் பிறகு தனியார் மருத்துவமனையில் தகடும் திருகும் வைத்து அறுவைச் சிகிச்சை நடந்தது. அசல் ரசீதுகளை மருத்துவக் காப்பீட்டுக்குக் கொடுத்துவிட்டால் விபத்து இழப்பீட்டை முடிவுசெய்யும் தீர்ப்பாயத்துக்கு எதுவும் இருக்காது என்பதால், கொடுக்கும் முன்பே மருத்துவமனை முத்திரையுடன் சான்றிட்ட நகல்களை வாங்கி வைத்தேன். வேனின் பதிவெண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பார்த்ததில் அதன் காப்பீட்டு நிறுவனமும், பாலிசி நடப்பில் இருப்பதும் தெரிந்தன.

பழைய வடாற்காடு மாவட்டத்தைப் பிரித்துப் பிரித்து வரைந்த கோடுகள் இந்த வேலையில் கொஞ்சம் தலைசுற்ற வைக்கும். மாதனூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். அண்ணி வேலை செய்யும் ஷூ தொழிற்சாலை ராணிப்பேட்டை மாவட்டம். வீடும் மருத்துவமனையும் வேலூர். வழக்கைத் திருப்பத்தூர் மாவட்டத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னார். அது சரியல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு, விபத்து நடந்த இடத்திலும், மனுதாரர் வசிக்கும் இடத்திலும், எதிர்மனுதாரர் வசிக்கும் இடத்திலும் மனுச் செய்ய இடம் தருகிறது. எனவே எம்.சி.ஓ.பி. எனப்படும் விபத்து இழப்பீட்டு மனுவைச் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்திலேயே தாக்கல் செய்தோம். 2022 ஏப்ரல் 1 முதல் இதற்கு விபத்து நாளிலிருந்து 6 மாதக் காலவரையறை உண்டு. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருந்தாலும், அந்த நம்பிக்கையில் தாமதிப்பது வீண் ஆபத்து. காவல்துறையும் சும்மா இருக்க முடியாது: அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த விதிகளின்படி முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாளுக்குள்ளும் அனுப்ப வேண்டும்.

வேனின் காப்பீட்டு நிறுவனத்தைப் பற்றியும் சில வரிகள் சொல்ல வேண்டும், அதன் பெயரும் வேண்டாம். 149ஆம் பிரிவின்படி அவர்கள் ஓர் அதிகாரியை நியமித்து, 30 நாளுக்குள் சமரசத் தொகை ஒன்றை முன்வைக்கலாம். முன்வைத்தார்கள். தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 164ஆம் பிரிவு தரும் 2.5 லட்சத்தைக்கூட அந்தத் தொகை எட்டவில்லை. எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம் என்பது அந்த அதிகாரிக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. மருத்துவர் குறித்த ஊனச் சதவீதத்தையே வருமான இழப்பாக அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, அவரவர் செய்யும் தொழிலை வைத்தே கணக்கிட வேண்டும் என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாள் முழுவதும் மிதியை அழுத்தி ஷூவின் மேல்தோலைத் தைக்கும் ஒருவருக்கும், நாற்காலியில் அமர்ந்து கணக்கு எழுதும் ஒருவருக்கும் அதே முறிவு ஒரே இழப்பாக இருக்க முடியாது. மாதம் 15,000 ரூபாய் சம்பளம், செயல்பாட்டு இழப்பு 10 சதவீதம், 36 முதல் 40 வயதுக்குரிய பெருக்குத்தொகை (ஆண்டு இழப்பை வயதுக்கேற்பப் பெருக்கும் எண்) 15 என்று வைத்துப் பார்த்தால் அந்த ஒரு தலைப்பிலேயே 2,70,000 ரூபாய் வருகிறது. சதவீதத்தை ஐந்தாகக் குறைத்துவிட்டால் அது பாதியாகிவிடும். எதிர்த்தரப்பு முழுப் பலத்தோடு வாதாடுவது அந்த ஓர் எண்ணில்தான். சிகிச்சைச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் சம்பளம், வலி வேதனை, பின்னாளில் தகட்டை எடுக்கும் அறுவைச் சிகிச்சை எல்லாம் இதற்கு மேல். சம்பளச் சீட்டும், தொழிற்சாலை தந்த விடுப்புச் சான்றும், இ.எஸ்.ஐ. பதிவும் இருந்ததால் வருமானத்தை யாரும் மறுக்க முடியவில்லை. கையில் கூலி வாங்கும் பெண்ணாக அண்ணி இருந்திருந்தால் இதற்கே ஒரு தனிப் போராட்டம் வேண்டியிருந்திருக்கும்.

இந்தக் குறைகளுக்காகக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாமா என்று சிலர் கேட்டார்கள். சென்னை அண்ணா சாலையில் இருக்கும் அந்த அலுவலகம், பாலிசிதாரருக்கும் அவருடைய சொந்த நிறுவனத்துக்கும் இடையிலான 50 லட்சம் வரையிலான பிணக்குகளை விசாரிக்கும்; அதற்கு முன் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பார்க்க வேண்டும். கார் பழுதுக்கான பணத்தில் தகராறு இருந்திருந்தால் அங்கே போயிருப்போம். வேன் நிறுவனம் தர வேண்டிய காய இழப்பீட்டுக்கு அது இடமல்ல.

சமரசத் தொகையை அண்ணி மறுத்துவிட்டார். மனு தீர்ப்பாயத்தில் நிலுவையில் இருக்கிறது. அண்ணனின் நிறுவனத்துக்குக் காரைப் பழுதுபார்த்துத் தந்ததற்கு ஐந்தில் நாலரை மதிப்பெண்ணும், காயம்பட்டவருக்கு வழிகாட்டியதற்கு ஒன்றும் தருவேன். அந்த ஒன்றும் கிளெய்ம் படிவத்தில் காயம் பற்றிய பத்தியைத் தவறாமல் நிரப்பிக்கொடுத்த ஓர் இளம் ஊழியருக்காக. தவறு எதிர்த்தரப்பில் இருந்தும், சொந்தக் காருக்குக் கிளெய்ம் செய்த காரணத்தால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) சுழியமாகிவிட்டது. எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் அது திரும்ப வராது. ஆகவே இந்த ஆண்டும் அண்ணன் அங்கேயே புதுப்பித்திருக்கிறார், இம்முறை பம்பர் டு பம்பர் சேர்த்து, முகவர் இல்லாமல் நேரே இணையத்தில். அண்ணி கேட்டதன் பேரில், குடும்பத்துக்கான மருத்துவக் காப்புத் தொகையையும் தனியாக உயர்த்தியிருக்கிறார்கள்.