ஈரோட்டில் இரண்டு கிலோ மஞ்சள்

ஈரோட்டுக்குப் போய் இரண்டு கிலோ மஞ்சள் வாங்கி வந்தேன் என்று சொன்னால், கிழங்கா, தூளா என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். நான் வாங்கியது துணி. கனி மார்க்கெட்டுக்கு அருகில் ஒரு சந்துக்குள், கட்பீஸ்களை நிறம் பிரித்து மூட்டைகளில் போட்டு எடைக்கு விற்கும் சிறிய கடையொன்று இருக்கிறது. அங்கே மஞ்சள் மூட்டையிலிருந்து துண்டுகளைப் பொறுக்கி வந்து, ஒரே நிறத்தின் பல சாயல்களைக் கொண்ட ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைத் தைத்து முடிக்க எனக்கு ஏழு வாரங்கள் ஆயின. அந்தத் துணி இந்த வேலைக்கு எந்த அளவுக்குக் கைகொடுத்தது, எங்கே காலை வாரிவிட்டது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

போர்வை என் அக்கா மகளுக்கு. கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறவள், "சித்தி, கலர் கலரா வேண்டாம், எல்லாம் ஒரே கலர்ல இருக்கற மாதிரித் தச்சுக் குடுங்க" என்று கேட்டிருந்தாள். எங்கள் அம்மாயி தைத்த துப்பட்டிகள் வேறு வகை. பழைய நூல் சேலைகளை அடுக்கி, கையாலேயே ஓட்டுத் தையல் போட்டு முடித்துவிடுவார். எந்தச் சேலை கிழிந்ததோ அதன் நிறம் அதில் வந்து சேரும், பொருத்தம் பார்க்கும் பேச்சே கிடையாது. ஒரே நிறம் என்றால் இன்னும் எளிது, பொருத்தம் தவறவே வழியில்லை என்று நானும் நினைத்துக்கொண்டுதான் தொடங்கினேன். பல நிறப் போர்வையில் ஒரு துண்டை அடுத்த துண்டிலிருந்து பிரித்துக் காட்டும் வேலையை நிறமே செய்துவிடுகிறது என்பதும், ஒரே நிறத்தில் அந்த வேலை முழுவதும் வெளிர், அடர் என்ற வேறுபாட்டின் தலையில் விழுகிறது என்பதும் துணி வீட்டுக்கு வந்த பிறகே புரிந்தது.

கடைக்கு முதல்முறை நான் போனது திங்கட்கிழமை இரவு. ஈரோட்டு ஜவுளிச் சந்தை வாரந்தோறும் திங்கள் இரவில் சூடுபிடித்துச் செவ்வாய்க்கிழமை முழுவதும் நடப்பது. வெளியூர் வியாபாரிகள் பொதி பொதியாகக் கட்டிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் இரண்டு கிலோ வாங்க வந்தவளை யாரும் நின்று கவனிக்க முடியாது, அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. கடைக்காரர் மஞ்சள் மூட்டையைக் கையால் காட்டிவிட்டு, "பாத்து எடுத்துக்குங்க அம்மிணி, எல்லாமே காட்டன்தானுங்க" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் போய்விட்டார். விலை கிலோ 280 ரூபாய். ஒன்றைச் சொல்ல வேண்டும்: மூட்டையை முழுவதுமாகக் கொட்டிக் கிளற அனுமதிக்கும் கடை அந்தப் பக்கத்தில் நான் பார்த்தவரை இது ஒன்றுதான். மற்ற இடங்களில் கட்டிய கட்டு கட்டியபடியே எடைக்குப் போகும்.

மூட்டைக்குள் இருந்த வளத்தைப் பார்த்து மனம் மயங்கியது உண்மை. எலுமிச்சை, சந்தனம், வைக்கோல், ஆவாரம்பூ, மாம்பழம், வேகவைத்த துவரம்பருப்பு என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வைத்துக்கொண்டே எடுத்தேன். வீட்டுக்கு வந்து எண்ணியபோது 23 வகை இருந்தது. அனைத்தையும் தரையில் பரப்பி, கைப்பேசியில் படமெடுத்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். நிறத்தை நீக்கிவிட்டு வெளிச்ச வேறுபாட்டை மட்டும் பார்ப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. கைப்பேசி இல்லாதவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாலும் ஓரளவு தெரியும். 23 துணிகளில் 17 துணிகள் அந்தப் படத்தில் ஒரே சாம்பல். எலுமிச்சைக்கும் மாம்பழத்துக்கும் இடையே நான் கண்ட தூரமெல்லாம் படத்தில் இல்லாமல் போயிருந்தது.

இதில் கடையின் பங்கும் உண்டு, மஞ்சளின் பங்கும் உண்டு. அடிப்படை நிறங்களில் மஞ்சள்தான் மிகவும் வெளிச்சமானது. நீலத்தை எவ்வளவு அடர்த்தியாக்கினாலும் அது கருநீலமாகி, நீலம் என்ற பெயரோடேயே நிற்கும், சிவப்பு அரக்காகும். மஞ்சளை அடர்த்தியாக்கினால் அது மஞ்சளாக இருக்காது. கடுகாகவும், காய்ந்த கிழங்கின் தோலாகவும், தேனாகவும், காக்கியாகவும் மாறிவிடும். ஆகவே மஞ்சளிலேயே ஒரு போர்வைக்குப் போதுமான இருட்டு வேண்டும் என்றால், யாரும் மஞ்சள் என்று அழைக்காத துணிகளுக்குள் போய்த்தான் தேட வேண்டும். கடையோ நிறத்தின் பெயரை வைத்துப் பிரித்து வைத்திருக்கிறது. ரவிக்கைக்கோ பாவாடைக்கோ பொருத்தம் தேடி வருபவர்களுக்கு அது சரியான முறைதான்; போர்வை தைப்பவருக்குத் தேவைப்படும் பாதித் துணி பக்கத்து மூட்டைகளில் வேறு பெயரில் கிடக்கிறது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

இரண்டாம் முறை புதன்கிழமை காலையில் போனேன். சந்தை ஓய்ந்து கடைக்காரர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டியதும் வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, மஞ்ச வேணும்னு கேட்டீங்கன்னு மஞ்சளக் காட்டுனேன், இப்பக் கறுப்புக் கேக்கறீங்களே" என்றார். ஆனால் விஷயத்தைப் புரிந்துகொள்ள அவருக்கு இரண்டு நிமிடம்தான் ஆனது. அவராகவே போய்க் காக்கி மூட்டை ஒன்றையும் பழுப்பு மூட்டை ஒன்றையும் இழுத்து வந்து, குழல் விளக்கின் கீழே பார்க்க வேண்டாம் என்று சொல்லி வாசற்படிக்கே கொண்டுவந்து கொட்டினார். அந்த விளக்கில் கடுகு நிறம் என்று எடுத்த துண்டு ஒன்று வெயிலில் பச்சை காட்டியது. அரைக் கிலோ சேர்த்து வாங்கினேன். கடைக்கு நான் நல்ல மதிப்பெண் கொடுப்பதற்கு முதல் காரணம் இந்தப் புதன்கிழமைதான்.

துணியின் தரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். பெரும்பாலானவை பாப்ளினும் கேம்பிரிக்கும். நெசவு நெருக்கமானது, வெட்டிய ஓரம் எளிதில் பிரிவதில்லை, இஸ்திரிக்கு நன்றாக அடங்குகிறது. ஆனால் "எல்லாமே காட்டன்" என்பது உண்மையில்லை. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலிருந்தும் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினேன்: பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலானது, பாலியஸ்டர் கலந்தது சுருண்டு உருகிக் கடைசியில் கடினமான மணியாக நின்றது. அவற்றுடன், திருப்பூரிலிருந்து வந்திருக்கக்கூடிய பனியன் துணித் துண்டுகளும் கலந்திருந்தன. பனியன் துணி பின்னல், இழுத்தால் நீளும். நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் தையல் வரிசை வயிறு தள்ளி நிற்கும். இந்த இரண்டு வகையும் சேர்ந்து 350 கிராம் கழிந்தது. தேவையான அளவுக்கு வெட்ட வராத சிறிய துண்டுகள் இன்னொரு 300 கிராம். இரண்டு கிலோவில் எனக்குப் பயன்பட்டது 1,350 கிராம் என்று கொண்டால், கிலோ 280 ரூபாய் என்பது உண்மையில் 415 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அப்படியும் மீட்டர் கணக்கில் வாங்குவதைவிட மலிவுதான். தவிர, மீட்டர் கணக்கில் 23 வகை யார் வாங்குவார்கள்?

எவ்வளவு வாங்க வேண்டும் என்பதிலும் நான் தவறினேன். போர்வையின் அளவு 60 அங்குலத்துக்கு 90 அங்குலம். தைத்து முடித்த சதுரம் 6 அங்குலம் என்றால் குறுக்கே பத்து, நெடுக்கே பதினைந்து, ஆக 150 சதுரங்கள். ஓரத்துக்குக் கால் அங்குலம் விட்டு ஆறரை அங்குலமாக வெட்டினால் மொத்தம் ஏறத்தாழ 4 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள துணியில் அது அரைக் கிலோதான். கழிவுக்கு அதே அளவு சேர்த்தாலும் ஒரு கிலோவுக்குள் முடிந்திருக்கும். எடைக்கு வாங்கும் பழக்கம் இல்லாதவர்கள் கை தாராளமாகிவிடுகிறது.

சாயத்தில்தான் அடி விழுந்தது. காக்கி மூட்டையிலிருந்து வந்த கடுகு நிறத் துண்டு ஒன்றை ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தேன், கறை இறங்கவில்லை என்று நம்பித் தைத்துவிட்டேன். முதல் இரண்டு வரிசைகளைச் சோதனைக்காகச் சோப்பில் நனைத்தபோது, அதன் பக்கத்திலிருந்த எலுமிச்சைத் துண்டுகள் மூன்றும் ஓரத்தில் அழுக்குப் பழுப்பு வாங்கிக்கொண்டன. பிரித்து மாற்ற ஒரு மாலை முழுவதும் போனது. அடர்ந்த துண்டுகளை வெட்டுவதற்கு முன்பே தனித்தனியாகச் சோப்பு நீரில் ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசிவிட வேண்டும். அழுத்திப் பார்ப்பது போதாது. எடைக்கு வரும் துணி எந்தச் சாயப்பட்டறையிலிருந்து வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது, "சாயம் போகாதுங்க" என்ற சொல்லை வணக்கம் சொல்வதைப்போல் எடுத்துக்கொள்வது நல்லது.

வெளிறிய பக்கத்திலும் ஒரு சாயல் குறைந்தது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, நாமே சாயம் ஏற்றினால் என்ன என்று வெள்ளைத் துணியை மஞ்சள் தூளில் வேகவைத்துப் பார்த்தேன். நிறம் அற்புதமாக ஏறியது. சோப்புப் பட்டதும் காரத்தில் சிவந்தது. வெயிலில் காயப்போட்டதும் வெளுத்தது. சீர்வேட்டிக்கு மஞ்சள் நனைப்பது ஒரு நாளைக்குத்தான் என்பதை மறந்துபோனது என் பிழை. கடைசியில் அந்த இடத்தை நிரப்பியது மஞ்சப்பை. 2021 டிசம்பரில் தமிழக அரசு மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கம் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே எங்கள் வீட்டுப் பரணில், கல்யாணங்களில் தாம்பூலத்தோடு கொடுத்த பைகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. பலமுறை துவைத்து வெளுத்த அந்த முரட்டுத் துணியின் மஞ்சள் எந்தக் கடை மூட்டையிலும் இல்லாதது. அச்சிட்ட எழுத்துகளை விலக்கி வெட்ட வேண்டும், அச்சு மை இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு சதுரத்தில் மட்டும் "நன்றி" என்ற சொல்லின் கடைசி எழுத்து மூலையில் தப்பிவிட்டது, அதை மாற்றவில்லை.

தைப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கால் அங்குலம், தச்சர் கணக்கில் இரண்டு நூல், ஒவ்வொரு தையலிலும் மாறாமல் இருக்க வேண்டும். பக்கத்துக்கு அரை நூல் கூடினால் பத்துச் சதுரத்தில் ஒன்றேகால் அங்குலம் காணாமல் போய்விடும். வெளிர்ந்தவை ஒரு மூலையில் தொடங்கி எதிர்மூலைக்குப் போகப் போக அடர்வதாக அடுக்கினேன். நடுவில் கடைப் பஞ்சு வைக்காமல் பழைய நூல் வேட்டிகள் இரண்டை விரித்தேன், கோவைக் குளிருக்கு அது போதும். அடிப்பக்கத்துக்குச் சென்னிமலைக் கைத்தறி இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்று. அகலம் தாராளமாக இருந்ததால் நடுவே இணைப்புத் தையல் வரவில்லை.

கழிந்த பனியன் துணியை எடுத்துக்கொண்டு மூன்றாம் முறையும் அந்தக் கடைக்குப் போனேன். திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும், காட்ட வேண்டும் என்பதற்காகத்தான். கடைக்காரர் ஒரு துண்டை இழுத்துப் பார்த்து, "இது எப்படீங்க உள்ள வந்துச்சு" என்று என்னிடமே கேட்டார். பிறகு காக்கி மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பையில் போட்டார். நான் நன்றி சொல்வதற்குள் பையைத் தராசில் வைத்து, "நூத்தி நாப்பது கிராம், முப்பத்தொம்பது ரூபா ஆகுதுங்க, முப்பத்தஞ்சு குடுங்க போதும்" என்றார்.