பேரேட்டில் நேரே எழுத விடலாமா?

கொழிஞ்சாம்பாறையில் மாமாவின் தேங்காய்க் களத்துக்கு வரத்துக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவன் நான். கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குப் போகும் லோடுகளின் எடையும் வண்டி எண்ணும்தான் அதில் பதிவாகும். ஆனால் மழைக்காலத்தில் மின்சாரம் நினைத்தபோது போய்விடும். எழுதியது நிஜமாகவே பதிந்ததா என்ற சந்தேகம் அப்போது தொற்றியதுதான்.

மின்சாரம் போனாலும் அழியாத நிலை நினைவகத்தை இன்டெல் 2019இல் ஆப்டேன் என்ற பெயரில் 128, 256, 512 ஜிபி அளவுகளில் விற்கத் தொடங்கியது. அதில் செயலி, அதாவது நாம் எழுதும் மென்பொருள், கோப்பின் மீதே நேராக எழுதலாம். அப்படியானால் நடுவில் இயங்குதளம் எதற்கு?

பழைய ஏற்பாடு: சிட்டையைக் கணக்குப்பிள்ளையிடம், அதாவது இயங்குதளத்திடம், நீட்டிவிட்டு, அவர் பேரேட்டில் ஏற்றும்வரை நிற்பது. எழுதியதை உறுதியாகப் பதியச் சொல்லி இயங்குதளத்தைக் கேட்கும் எஃப்சிங்க் அழைப்பு அதுதான். பத்திரமானது. ஆனால் நானோ நொடிகளில் முடியும் எழுத்துக்கு இந்தக் காத்திருப்பு வீண் என்பார்கள் வேகப்பிரியர்கள். அதில் நியாயம் உண்டு.

அவர்கள் கேட்டது முழு நம்பிக்கை. பேனாவை என்னிடம் கொடு, மை உலர்ந்ததா என்று நானே பார்த்துக்கொள்கிறேன் என்பது. 2016இல் லினக்ஸ் இயங்குதளத்துக்கு இப்படி ஒரு முன்மொழிவு வந்தது, ஏற்கப்படவில்லை. செயலி தன் எழுத்தை சிபியுவின் தற்காலிக நினைவகமான கேஷிலிருந்து நிலை நினைவகத்துக்குத் தள்ளிவிடலாம், சரி. ஆனால் அந்த நினைவகப் பக்கம் கோப்புக்குப் புதிதாக ஒதுக்கப்பட்டது என்ற குறிப்பு, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் கோப்பு முறைமையிடம் இன்னும் பதிவாகாமல் இருந்தால்? மை உலர்ந்திருக்கும், தாள் பேரேட்டில் தைக்கப்பட்டிருக்காது. மின்சாரம் திரும்பும்போது அந்தத் தாள் யாருடையது என்று எவருக்கும் தெரியாது.

2018 ஜனவரியில் வந்த லினக்ஸ் 4.15இன் மேப் சிங்க் என்ற வசதி இந்த இடத்தைத்தான் பிடித்தது. தாளைத் தைத்து முடித்த பிறகே கணக்குப்பிள்ளை பேனாவைத் தருகிறார். ஒரு பக்கத்தில் முதல் முறை எழுதும்போது மட்டும் தாமதம்; பிறகு அவரைக் கேட்க வேண்டியதில்லை. என் ஓட்டு இதற்கே.

ஆனால் இதுவும் பாதிப் பொறுப்பைத்தான் ஏற்கிறது. நினைவகத்தில் அறுபடாமல் பதிவது 8 பைட் மட்டுமே. எடை பதிந்து வண்டி எண் பதியுமுன் மின்சாரம் போனால், அந்த அரைகுறைக்குச் செயலிதான் பொறுப்பு. தப்பான முகவரியில் எழுதிவிட்டால் இன்னும் மோசம். சாதாரண நினைவகத்தில் அந்தக் குப்பை கணினியை அணைத்துப் போட்டால் போய்விடும். இங்கே மறுநாள் காலையும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். என் நிரல்களை அறிந்தவன் என்பதால் எனக்கு இதுதான் பெரிய பயம்.

2022இல் இன்டெல் ஆப்டேனைக் கைவிட்டது. நான் சோதித்ததுகூட வீட்டுக் கணினியின் சாதாரண நினைவகத்தில் ஒரு பகுதியை நிலை நினைவகமாக நடிக்கவைத்துத்தான். பிளக்கைப் பிடுங்கினால் எல்லாம் காலி. களத்தில் இன்றும் எஃப்சிங்க்தான் ஓடுகிறது. ஒரு லோடுக்கும் அடுத்த லோடுக்கும் நடுவே ஒரு டீ குடித்துவிடலாம் என்னும்போது நானோ நொடியை மிச்சம் பிடித்து என்ன செய்வது? மாமாவோ காகிதச் சிட்டையை இன்னும் கம்பியில் குத்தித்தான் வைக்கிறார்.