திருகோணமலையில் பாடசாலைப் பிள்ளைக்குப் புது வைத்தியர்: சில வருடப் பயன்பாட்டில் தெரிபவை

திருகோணமலையில் பிள்ளையின் வைத்தியரை மாற்ற வேண்டி வருவது பெரும்பாலும் பெற்றோரின் விருப்பத்தால் அல்ல. அரச வைத்தியசாலையின் சிறுபிள்ளை வைத்திய நிபுணர் இடமாற்றத்தில் போவார். மாலையில் சனல் பண்ணி (தனியார் நிலையத்தில் காசு கட்டி நம்பர் எடுத்து) காட்டியதும் அவரைத்தான் என்றால் அந்த வழியும் அன்றோடு அடைபடும். முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை சாதாரண தரம் எழுதுவதற்குள் இரண்டு மூன்று முறை புதிதாகத் தேட வேண்டி வரலாம். ஆகவே நிபுணர் ஒருவரையே நம்பிய ஏற்பாடு இங்கே நெடுநாள் தாங்காது. தாங்குபவை இரண்டு: வீட்டுக்குக் கிட்டவுள்ள குடும்ப வைத்தியர் ஒருவர், பெற்றோர் கையிலுள்ள ஒரு ஃபைல்.

ஃபைலில் தொடங்குவோம். பிள்ளைக்கு ஐந்து வயது தாண்டியதும் பலர் சுகாதார விருத்திப் பதிவேட்டைப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். புது வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். அதோடு வாட்டில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் காட் (நோய் விபர அட்டை), இரத்தப் பரிசோதனை அறிக்கைகள், எந்த மருந்துக்கு என்ன ஒவ்வாமை வந்தது என்று எழுதிய ஒரு தாள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்த நிறையும் உயரமும் இருக்க வேண்டும். அரச கிளினிக் புத்தகம் நம் கையில் இருக்கும். சனலில் எழுதித் தரும் மருந்துத் துண்டோ பாமசியோடு போய்விடும். கொடுக்கமுன் போனில் படம் எடுத்துவிடுங்கள். மருந்தின் பெயரும் அளவும் அதில்தான் இருக்கின்றன. பாமசி பில்லை நம்ப வேண்டாம், சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும்.

தேடும்போது பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். டிசிஎச் என்பது சிறுவர் நலத்தில் டிப்ளோமா. அது இருப்பவர் நல்ல வைத்தியராக இருக்கலாம், ஆனால் நிபுணர் அல்ல. நிபுணர் என்றால் எம்டி என்ற மேற்பட்டத்தை முடித்து, அதற்குப் பிறகான பயிற்சியையும் முடித்தவர். காய்ச்சல், தடிமன், வயிற்றோட்டத்துக்கு நிபுணர் தேவையே இல்லை. அடிக்கடி முட்டு (மூச்சிழுப்பு), வலிப்பு, நிறை ஏறாமை, ஏழு வயதுக்குப் பிறகும் படுக்கையில் சிறுநீர், திரும்பத் திரும்ப வரும் வயிற்று வலி ஆகியவற்றுக்கு வேண்டும். (புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் வரும் வயிற்று வலி தனி வகை. அதையும் காட்டுங்கள், ஆனால் டியூசன் நேர அட்டவணையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.) அரச கிளினிக்குக்கு ஓபிடியிலிருந்தோ (வெளிநோயாளர் பிரிவு) குடும்ப வைத்தியரிடமிருந்தோ கடிதம் எடுத்துப் போனால் அலைச்சல் குறையும். 1, 4, 7, 10ஆம் ஆண்டுகளில் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் குறை கண்டு எழுதித் தந்தால் அதையும் கொண்டுபோங்கள்.

முதல் சந்திப்பில் வைத்தியரின் சிரிப்பு, பொறுமை எல்லாம் தெரியும். ஆறு மாதம் போனால்தான் வேலை தெரியும். முட்டுள்ள பிள்ளைக்கு நல்ல சோதனை ஒன்று இருக்கிறது: பம்பை (இன்ஹேலரை) எப்படி இழுக்கிறாய், செய்து காட்டு என்று பிள்ளையிடம் கேட்கிறாரா? கேட்காமலே மருந்தைக் கூட்டுபவரிடம் காசும் காலமும் வீணாகும், ஏனென்றால் பாதிப் பிரச்சினை இழுக்கும் முறையில்தான். நீலப் பம்ப் அந்த நேரத்து மூச்சுக்கு. பழுப்புப் பம்ப் தினமும் போட வேண்டிய தடுப்பு. பிள்ளை சுகமாகிவிட்டது என்று பழுப்பை நிறுத்துவது மாரியில் வாட்டுக்குப் போவதற்கு ஒரு காரணம். 200 தடவை அடிக்கும் பம்பைக் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று போட்டால் 50 நாளில் முடியும். அதற்குப் பிறகும் குலுக்கினால் சத்தம் கேட்கும், மருந்து இருக்காது. தொடங்கிய திகதியைப் பம்பிலேயே எழுதுங்கள். பம்பில் பொருத்தி இழுக்கும் குழாயான ஸ்பேசரைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காற்றில் காயவிடுங்கள். துடைத்தால் உட்சுவரில் மின்னேற்றம் வந்து மருந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது சோதனை காய்ச்சல். 2017 தொடக்கத்தில் நமது மாவட்டத்துக் கிண்ணியா கண்ட டெங்குவுக்குப் பிறகு இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பரசிற்றமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு தரத்துக்கு மேல் இல்லை. 24 கிலோப் பிள்ளைக்கு 360 மில்லிகிராம், அதாவது 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் 15 மில்லிலீற்றர். போத்தலுக்குப் போத்தல் செறிவு மாறும், லேபிளைப் பாராமல் பழைய கணக்கில் ஊற்றக்கூடாது. டெங்கு சந்தேகமென்றால் இபுபுரோஃபென், டைக்லோஃபெனக், மெஃபெனமிக் அசிட் எதுவும் வேண்டாம். மூன்றாம் நாள் இரத்தம் பார்க்கச் சொல்லாத வைத்தியரிடம் நாமே கேட்க வேண்டும். பிளேட்லெட் (இரத்தத் தட்டுகள்) 100,000க்குக் கீழ் போனால் சனல் நம்பருக்குக் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காய்ச்சல் விட்டபின் பிள்ளை சோர்ந்து, வயிறு நொந்து, வாந்தி எடுத்தாலும் அப்படியே. ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. வாகனம் இல்லையென்றால் அம்புலன்சுக்கு 1990ஐ அழையுங்கள்.

மொழியும் பெரிய விஷயம். நிபுணர் சிங்களமோ ஆங்கிலமோ பேசுபவராக வரலாம். எந்த நாள், எத்தனை தரம், என்ன மருந்து கொடுத்தது என்று நாலு வரி எழுதிக்கொண்டு போங்கள். தாதி மிஸ் ஒருவர் மொழிபெயர்த்தாலும் நாட்களின் கணக்கு அப்போதுதான் பிழைக்காது. பிள்ளைக்கு ஒன்பது, பத்து வயது என்றால் அதனிடமே நேரடியாகப் பேசுகிறாரா என்றும் பாருங்கள்.

தடுப்பூசிக்கு நிபுணரைத் தேட வேண்டியதில்லை. ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளுக்கு எச்பிவி (கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பு) ஆறு மாத இடைவெளியில் இரண்டு தரம், ஏழாம் ஆண்டில் ஏற்பூசி. இரண்டும் பாடசாலையிலேயே போடப்படும். அன்றைக்குப் பிள்ளை வராவிட்டால் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் கேட்டுப் போட்டுக்கொண்டு, திகதியைப் பதிவேட்டில் எழுதுவித்து வாருங்கள்.