நாட்டு நலனா, பொது விதியா? டெல்டாவிலிருந்து பார்த்தால்

மன்னார்குடிப் பக்கம் சம்பா நடவு நேரத்தில் டிஏபி என்ற பாஸ்பேட் உர மூட்டைக்கு அலைபவருக்கு, சீனா தன் பாஸ்பேட் உர ஏற்றுமதியை இறுக்குவது அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நாமும் நிறுத்தினோம். 2024 செப்டம்பரில்தான் அந்தத் தடையை நீக்கினோம். ஏற்றுமதித் தடை கூடாது என்கிற, உலக வணிகத்துக்கான காட் (GATT) ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவே, கடும் தட்டுப்பாடு வந்தால் தற்காலிகமாகத் தடுக்கலாம் என்கிறது. அந்த விலக்கு இருக்கட்டும். வயிற்றுப்பாட்டில் நாட்டு நலனே முதலில்.

சைபர் குற்றம் அப்படியல்ல. போலீஸ் போல நடித்து, ‘டிஜிட்டல் கைது’ என்று வீடியோ காலில் மிரட்டி, ஓய்வுபெற்றவரின் சேமிப்பை உருவுகிறார்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்தால் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. சரி, கும்பல் கம்போடியாவில் இருந்தால்? தனி நாட்டுச் சட்டம் எல்லையோடு நின்றுவிடும். இங்கே பொது விதிதான் வேண்டும்.

சைபர் குற்றத்தை நாடுகள் சேர்ந்து தடுப்பதற்கான 2001இன் புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதை எழுதியபோது நாம் அங்கு இல்லை என்பதால் அந்தத் தயக்கம் நியாயமே. 2024 டிசம்பரில் ஐநா பொதுச்சபை ஏற்ற சைபர் குற்ற உடன்படிக்கையின் பேச்சுவார்த்தையிலோ நாமும் பங்கேற்றோம். மனித உரிமைப் பாதுகாப்பு அதில் போதாது என்ற விமர்சனம் உண்டு. அந்தப் பாதுகாப்பை உள்நாட்டுச் சட்டத்தில் கெட்டியாக்கிக்கொண்டு இந்த ஐநா உடன்படிக்கையில் சேர்வதே நல்லது என்பேன்.