ஜெனீவாவா, டெல்லியா: சர்வதேச உறவுகளில் முதுகலை

2023-ல் என் கையில் இரண்டு இடங்கள் இருந்தன. ஜெனீவா கிராஜுவேட் இன்ஸ்டிடியூட்டில் முதுகலைப் படிப்பு, கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் (ஜே.என்.யு.) சர்வதேச ஆய்வுப் பள்ளியில் எம்.ஏ., சி.யு.இ.டி. பொது நுழைவுத் தேர்வு வழியாக. நான் டெல்லிக்குப் போனேன். இன்று கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

பெயரில் இரண்டுக்குமே குறைவில்லை. ஜெனீவாவில் இருப்பது 1927-ல் தொடங்கியது, கோஃபி அன்னான் படித்த இடம். டெல்லியில் இருப்பது 1955-ல் சப்ரு ஹவுஸில் தனி நிறுவனமாகத் தொடங்கி, 1970-ல் ஜே.என்.யு.வோடு சேர்ந்தது. வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் முனைவர் பட்டம் வாங்கியது ஜே.என்.யு.வில்தான். இதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

முடிவை எடுக்க வைத்தது கடன். கட்டணம் தள்ளுபடி என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்பா வீட்டுப் பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டு பீரோவிலிருந்து எடுத்து வைத்துவிட்டார். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கி பிணை கேட்கும் என்று அவருக்குத் தெரியும். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஜெனீவாவில் அறை வாடகை, சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்து மாதம் 2,000 சுவிஸ் பிராங்க். இரண்டு ஆண்டுக்கு 48,000. அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 44 லட்சம் ரூபாய். கட்டணமே இல்லாமல்!

கையிலிருந்ததைப் போட்டு மீதி 40 லட்சம் கடன் என்று வைத்துக்கொண்டோம். பத்தரை சதவீத வட்டி, 15 ஆண்டுத் தவணை. படிக்கும் காலத்து வட்டியை அவ்வப்போது கட்டிவிட்டாலும், மாதத் தவணை சுமார் 44,000 ரூபாய். படித்து முடித்ததும் டெல்லியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் எனக்குக் கிடைத்த முதல் சம்பளம் 38,000.

இந்தத் துறைக்கே உரிய சிக்கல் இதுதான். எம்.பி.ஏ., கணினி போல முதல் நாளே சம்பளம் தரும் படிப்பு இல்லை இது. ஐ.நா. செயலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தால் உதவித்தொகை கிடையாது. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. தருகிறது, அதை விட்டுவிடாதீர்கள்.) ஆய்வு உதவியாளர், ஒப்பந்த வேலை, ஒரு கட்டுரை, ஒரு மொழி என்று மூன்று நான்கு ஆண்டுகள் மெதுவாகத்தான் ஏறும். தவணை அதுவரை காத்திருக்காது.

ஜே.என்.யு.வில் படிப்புக் கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். விடுதி, மெஸ் சேர்த்தாலும் வீட்டிலிருந்து வருகிற பணத்தில் அடங்கிவிடும். அந்த நிம்மதியில்தான் பாரசீகம் கற்க ஆரம்பித்தேன். தொடக்கத்தில் ஈரானியப் பத்திரிகையில் சாபஹார் துறைமுகம் பற்றிய ஒரே ஒரு பத்தியை அகராதியோடு மல்லுக்கட்டிப் படிக்க ஒரு மணி நேரம் ஆகும். இரண்டாம் ஆண்டு முடிவில் பத்து நிமிடம். அந்த 38,000 ரூபாய் வேலை கிடைத்ததே அதனால்தான். அவர்களுக்கு ஈரான் செய்திகளை மூலத்தில் படிக்க ஆள் தேவைப்பட்டது. கடன் தலையில் இருந்திருந்தால் பாரசீகத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

ஜெனீவாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அங்கே படித்த தோழி சொல்வது: வகுப்பு முடிந்து ஐ.நா. மாளிகைக்கு நடந்தே போய்விடலாம், கருத்தரங்கில் பக்கத்து நாற்காலியில் ஒரு நாட்டின் தூதரக அதிகாரி உட்கார்ந்திருப்பார். அந்த நெருக்கம் டெல்லியில் அவ்வளவு எளிதாக வராது. அகதிகள், மனிதாபிமானச் சட்டம், உலக சுகாதாரம் என்றால் ஜெனீவாதான் ஊர். ஆனால் ஐரோப்பியக் குடியுரிமை இல்லாத மாணவர் அங்கே முதல் ஆறு மாதம் வேலை செய்ய முடியாது, அதற்குப் பிறகும் வாரம் 15 மணி நேரம்தான். படித்து முடித்து வேலை தேடவும் ஆறு மாதமே அவகாசம். செலவை அங்கேயே சம்பாதித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அமெரிக்கா பற்றி நீட்ட எதுவும் இல்லை. அங்கே கட்டணமே ஜெனீவா கட்டணத்தைப்போல் பல மடங்கு. முனைவர் பட்டத்துக்கு என்றால் கதை வேறு, அங்கே நல்ல பல்கலைக்கழகங்கள் உதவித்தொகை கொடுத்தே எடுத்துக்கொள்கின்றன. டெல்லியில் எம்.ஏ. முடித்துவிட்டு அப்படிப் போவதுதான் என் திட்டமும்.

வீட்டில் வசதி இருக்கிறது, அல்லது வாழ்க்கைச் செலவையும் சேர்த்து உதவித்தொகை கிடைக்கிறது என்றால் ஜெனீவாவுக்குத் தயங்காமல் போங்கள். இரண்டுக்குமே விண்ணப்பம் போட்டு வையுங்கள். உதவித்தொகைக் கடிதம் வந்ததும் அதில் கட்டணம் மட்டுமா, மாதப் பணமும் உண்டா என்று முதலில் பாருங்கள். அப்பாவைப் பத்திரம் எடுக்கச் சொல்வது அதற்கப்புறம் இருக்கட்டும்.