ஓ.டி. தெரபி: முட்டுக்காடா, பக்கத்துத் தெரு கிளினிக்கா, வீட்டுக்கு வருபவரா? பில்லை யார் கட்டுவது?

டாக்டர் சீட்டில் ‘ஓ.டி., வாரம் மூன்று’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து, ஆபரேஷன் தியேட்டர் என்று நினைத்து என் மாமியார் அழுதேவிட்டார். ஆக்குபேஷனல் தெரபி என்று விரித்துச் சொன்னாலும் தெளியவில்லை. ‘தொழில்வழி சிகிச்சை’ என்றால், நாலு வயதுப் பையனுக்கு என்ன தொழில் என்று கேட்கிறார்கள். சட்டைப் பட்டன் போடுவது, பென்சில் பிடிப்பது, சாதத்தைப் பிசைந்து சாப்பிடுவது, மிக்ஸி சத்தத்தைத் தாங்கிக்கொள்வது: இவைதான் அவனுடைய தொழில்.

மகனுக்கு ஆட்டிசம். நாங்கள் இருப்பது தாம்பரம் பக்கம். ஆறு மாத அலைச்சலில் மூன்று வழிகளையும் பார்த்துவிட்டோம்.

முதலில் அரசு வழி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் ‘நிப்மெட்’ இருக்கிறது. பல்வகை ஊனமுற்றோருக்காக 2005இல் வந்த மத்திய அரசு நிறுவனம். ஓ.டி., பேச்சுப் பயிற்சி, உளவியல், சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும். கட்டணமும் பெயரளவுதான். மதிப்பீட்டுக்கு அங்கே போனதில் எனக்கு வருத்தமே இல்லை, நிதானமாகப் பார்த்தார்கள். ஆனால் 45 நிமிட செஷனுக்கு அரை நாள் போகிறது. திரும்பும் பஸ்ஸில் பையன் அழுது அழுது, அன்று கற்றது அன்றே கரைந்துவிடும். வாரம் மூன்று முறை அது நடக்காது. மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு டி.இ.ஐ.சி. எனப்படும் ஆரம்ப இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. 18 வயது வரை இலவசம். போவதற்கு முன் அங்கே ஓ.டி. தெரபிஸ்ட் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்; பிசியோதெரபிஸ்ட் மட்டும் இருக்கவும் கூடும்.

அடுத்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் தனியார் கிளினிக். நாங்கள் விசாரித்த இடங்களில் ஒரு செஷனுக்கு 500 முதல் 900 ரூபாய் வரை சொன்னார்கள். 700 என்று வைத்தாலும் வாரம் மூன்று என்றால் மாதம் 8,400. இவ்வளவு கொடுத்தும் ஏமாறுவது இங்கேதான். நாங்கள் முதலில் சேர்த்த இடத்தில் படித்த தெரபிஸ்ட் முதல் நாள் மட்டும் வந்தார். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு செஷன் எடுத்ததெல்லாம் குறுகிய காலப் பயிற்சி முடித்த பெண்கள். பில்லில் யார் பெயரும் இல்லை, ‘தெரபி சார்ஜ்’ என்று ஒரே வரி.

ஆகவே முதல் கேள்வி: பி.ஓ.டி. அல்லது எம்.ஓ.டி. (ஓ.டி.யில் இளநிலை, முதுநிலைப் பட்டம்) படித்தவர் யார், என் பிள்ளையோடு உட்காரப்போவது அவர்தானா? பலர் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் எண்ணைக் கேட்கிறார்கள். நானும் கேட்டு அசடு வழிந்தேன். அது சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றவர்களுக்கான பதிவு, ஓ.டி. அந்தப் பட்டியலிலேயே இல்லை. இவர்களிடம் கேட்க வேண்டியது பட்டச் சான்றும், ஏ.ஐ.ஓ.டி.ஏ. எனப்படும் அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் சங்கத்தின் உறுப்பினர் எண்ணும். இரண்டாவது கேள்வி: நான் உள்ளே உட்காரலாமா? கூடாது என்றால் அடுத்த கிளினிக்குக்குப் போங்கள். வாரத்தின் மற்ற நேரமெல்லாம் பிள்ளை நம்மிடம்தானே இருக்கிறான்.

வீட்டுக்கு வருபவர் கூடுதலாக வாங்குவார். ஊஞ்சல், பெரிய பந்து எல்லாம் கொண்டுவர மாட்டார். ஆனால் நம் வீட்டுக் குளியலறையிலேயே, நம் தட்டிலேயே பழக்குவார். பெரியவர்களுக்கு இதுதான் நல்லது என்பேன். ஓடியாடும் பிள்ளைக்கு கிளினிக்.

சரி, பணம். சாதாரண மெடிக்ளைம் பாலிசியை நம்பி இருக்காதீர்கள். அது ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்ந்தால் கொடுக்கும் காப்பீடு. வாரா வாரம் போய்வரும் தெரபி அதற்கு வெளிநோயாளிச் செலவு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் இருந்தாலும், பக்கத்துத் தெரு கிளினிக் பில்லுக்கு அது உதவாது.

எங்களுக்கு உதவியது மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் ஆண்டுக்கு 1 லட்சம் வரை. சேரும் முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது, ‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்று தள்ளுவதும் கிடையாது, கட்டணம் சில நூறு ரூபாய்தான். வெளிநோயாளிச் செலவும் தெரபியும் இதில் வரும். குறைகளும் உண்டு. தெரபிக்கென்று தனி உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். மாதம் 8,400 செலவழிப்பவருக்கு ஆண்டுச் செலவில் ஒரு பகுதிதான் திரும்பும். முதலில் நாம் கட்ட வேண்டும், பிறகுதான் கேட்டு வாங்க வேண்டும். ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்பு மட்டும் உள்ள பிள்ளைகளுக்கு இடமில்லை. ஊனச் சான்றிதழ் கட்டாயம். ‘பிள்ளைக்கு முத்திரை குத்துவதா’ என்று நாங்கள் அதைத் தள்ளிப்போட்டதில் ஓர் ஆண்டுப் பணம் போயிற்று.

ஐ.டி. கம்பெனிகளில் சிலவற்றின் குரூப் பாலிசியில் இப்படிப்பட்ட தெரபிகளுக்குத் தனிப் பலன் இருக்கிறது. எச்.ஆர். தானாகச் சொல்லாது, பாலிசி நகலை வாங்கிப் படியுங்கள்.

எந்த வழியானாலும் டாக்டரின் பரிந்துரைச் சீட்டு, தெரபிஸ்ட் பெயரும் படிப்பும் தேதியும் உள்ள பில், இரண்டும் வேண்டும். ஜிபே ஸ்கிரீன்ஷாட் பில் ஆகாது. யார் செஷன் எடுத்தார் என்று பில்லில் எழுதத் தயங்கும் இடத்தில் எனக்கு இப்போது சந்தேகம்தான் வருகிறது. இரண்டாவது கிளினிக்கைத் தேர்ந்தெடுத்ததே மாதிரி பில்லைக் காட்டச் சொல்லித்தான்.

பக்கவாதம் வந்த பெரியவர்களுக்குக் கணக்கு வேறு. ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர் என்பதால் மெடிக்ளைமே உதவும். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவைப் பல பாலிசிகள் 60 நாள் வரை தரும், சில அதற்கு மேலும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பிசியோதெரபி’ என்று மட்டும் எழுதியிருந்தால், வார்டை விட்டுக் கிளம்பும் முன் ‘ஆக்குபேஷனல் தெரபி’யையும் சேர்த்து எழுதச் சொல்லி வாங்குங்கள். அந்த 60 நாள் அன்றைக்கே ஓடத் தொடங்கிவிடும்.